மதினி பாட, நாங்கள் வாங்கிப் பாடினோம்

என் மகளின் மாமியாருக்கு யாரிடமாவது ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் அதைப் பாட்டில் வைத்துத்தான் சொல்வார். சம்பந்தி என்றாலும் நான் அவரை மதினி என்றுதான் கூப்பிட்டேன். அவரும் என்னை மதினி என்றார். எங்கள் இருவரில் யார் மூத்தவர் என்பது கடைசி வரை இருவருக்கும் தெரியாது.

"நேராச் சொன்னா இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டுருவாக மதினி. பாடினா, அவுக வாயாலயே சொல்ல வச்சிரலாம்" என்பார்.

அது எப்படி என்று சொல்கிறேன். சின்னமனூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது மகளின் ஊர்; இப்போது எனக்கும் அதுதான் ஊர். பங்குனிப் பொங்கலுக்கு மாரியம்மனுக்கு முளைப்பாரி எடுப்போம். கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வீட்டைச் சன்னல் எல்லாம் சாத்தி இருட்டாக்கி, சட்டிகளில் எருவும் வைக்கோலும் பரப்பி, பயறு பாவி வைப்போம். பொழுது சாய்ந்ததும் பெண்கள் அந்தப் பாரி வீட்டு வாசலில் வட்டமாக நின்று கும்மி கொட்ட வேண்டும். ஒருத்தி முன்பாட்டு எடுக்க, மற்றவர்கள் அதை அப்படியே வாங்கிப் பாட வேண்டும். நடுவில் பாட்டு நிற்கக் கூடாது. நின்றால் உள்ளே முளை சாய்ந்துவிடும். முன்பாட்டுக்காரி எதைப் பாடினாலும் வாங்கித்தான் ஆக வேண்டும், பிடித்தாலும் சரி, பிடிக்காவிட்டாலும் சரி. பாரிக்கு முன்னால் பாடியது ஆத்தாளின் முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. பிறகு அதை மாற்றிப் பேச முடியாது.

அந்த முன்பாட்டு, மதினி அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த சில வருசத்திலேயே அவரிடம் வந்துவிட்டது. யாரும் கொடுக்கவில்லை. அவர் வாயைத் திறந்தால் மற்ற வாய்கள் தானாக மூடிக்கொள்ளும், அவ்வளவுதான். குரல் என்றால் அப்படிக் குரல். பாரி வீட்டில் பாடினால் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறவர் தலையைத் திருப்புவார்.

ஒரு தடவை கும்மி நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது மதினிக்கு வீட்டு அடுப்பு ஞாபகம் வந்துவிட்டது. பாட்டை நிறுத்த முடியாதே. ராகம் மாறாமல், தாளம் தப்பாமல், "பால அடுப்புல வச்சு வந்தேன் – அடி பாண்டியம்மா ஓடிப் பாரு" என்று எடுத்தார். இருந்த அத்தனை பெண்களும் அதையும் வாங்கிப் பாடினார்கள். பாண்டியம்மாள் என் மகள். அவள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஓடினாள். தெரு முனை திரும்பும் வரைக்கும் "ஓடிப் பாரு, ஓடிப் பாரு" என்று ஊரே அவளுக்குப் பின்னால் பாடியது. திரும்பி வந்து, "எல்லாம் பொங்கி ஊத்திருச்சு அத்தே" என்றாள். மதினி அதையும் விடவில்லை. "பொங்கினாப் பொங்கட்டும்டி – அடுப்புப் பூசிக்கலாம் காலையில" என்று அடுத்த அடி வந்துவிட்டது.

பிள்ளைகளையும் அவர் அடித்து வளர்க்கவில்லை என்று என் மருமகன் சொல்வார். அதற்கு அடியே பரவாயில்லை என்றும் சொல்வார். பள்ளிக்கூடம் போகும் வயதில் ஒரு பங்குனி நாள் அவர் பையை வாழைத் தோட்டத்தில் ஒளித்து வைத்துவிட்டு, பொழுதெல்லாம் பம்புசெட்டில் குளித்துக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டுக்கு வந்தபோது அம்மா ஒன்றும் கேட்கவில்லை. தலையைத் துவட்டிவிட்டு, சோறு போட்டிருக்கிறார். தப்பித்தோம் என்று நினைத்திருக்கிறார் மாப்பிள்ளை. சாயங்காலம் கும்மி. "பம்புசெட்டுப் பள்ளிக்கூடம் – அங்க பாசி வழுக்குற வாத்தியாரு" என்று மதினி எடுக்க, ஊர்ப் பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாங்கிப் பாட, கூட்டத்தில் டீச்சரம்மாவும் நின்று கை தட்டியிருக்கிறார்.

"அந்த டீச்சரு மறுநாள் என்னையப் பாத்ததும் அந்தப் பாட்டத்தான் முணுமுணுத்தாக அத்தே. அதுக்குப் பொறகு காய்ச்சல்னாக்கூட நான் லீவு போட்டதில்ல" என்பார் மாப்பிள்ளை.

அடுத்தடுத்த தோட்டத்துக்காரிகள் இருவர், ஒரே வீட்டு மருமகள்கள், வாய்க்கால் தண்ணீர் யாருக்கு முதலில் என்ற சண்டையில் முகம் பார்க்காமல் இருந்தார்கள். மதினி அந்த இருவர் பெயரையும் ஒரே அடியில் வைத்து, ஒரு பந்தலில் ஏறின இரண்டு கொடி என்று பாடிவிட்டார். இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிப் பாடினார்கள். ஒருத்தி பெயரை மற்றவள் தன் வாயால் பாடியாகிவிட்டது. அப்புறம் பேசாமல் இருக்க வெட்கமாக இருக்குமா இல்லையா? வாய்க்கால் சண்டை தீர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டே சண்டை போட்டார்கள்.

பாட்டு என்றால் அவருக்குச் சாமி வேறு, சினிமா வேறு, கல்யாணம் வேறு என்று கிடையாது. தீபாவளிக்குத் துணி எடுக்க நாங்கள் இருவரும் பஸ்ஸில் தேனிக்குப் போய்க்கொண்டிருந்தோம். வழியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நாயனம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மதினி கம்பியில் தட்டி, "எறக்கி விடுப்பா" என்றார். நான் சேலையைப் பிடித்து இழுத்தும் கேட்கவில்லை. முன்பின் தெரியாத கல்யாணம். நேராக உள்ளே போய் மேளக்காரர்களுக்கு எதிரே முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். பெண் வீட்டார் எங்களை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் என்று நினைத்தார்கள். இரண்டு பக்கமும் வந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள். கடைசியில் ஒரு அம்மா பக்கத்தில் வந்து, "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டே விட்டார்.

"நாங்க நாயனக்காரவுக வீடு" என்றார் மதினி.

நாயனக்காரர் காதில் அது விழுந்துவிட்டது. சீவாளியை வாயிலிருந்து எடுத்துச் சிரித்தார். "வாங்கம்மா, என்ன வேணும் உங்களுக்கு?" என்றார். மதினி கேட்டதை வாசித்தார். அது முடியும்வரை கண்ணை மூடி இருந்துவிட்டு, மணமக்கள் தலையில் கைவைத்து வாழ்த்திவிட்டுத்தான் வந்தார். அன்றைக்குத் துணிக்கடைக்குப் போக நேரம் இல்லாமல் போய்விட்டது.

பக்கத்து ஊர் மாதா கோயிலில் பாட்டுப் படித்தால் வாசலில் நின்று முழுதும் கேட்டுவிட்டுத்தான் நகர்வார். "நம்ம சாமி கோவிச்சுக்கிறாதா மதினி?" என்று நான் கேட்டதற்கு, "அவளுக்கும் நல்ல பாட்டுக் கேக்க ஆசை இருக்காதா? நாந்தான் கேட்டுட்டுப் போயிச் சொல்லணும்" என்றார்.

அவர் பக்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது வேறு மாதிரியான பக்தி. விடிந்ததும் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவார். நாங்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு, அதைக் கொடு இதைக் கொடு என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்போம். மதினி பாடுவார். முடிந்ததும் திருநீறு பூசிக்கொண்டு திரும்பிவிடுவார். ஒன்றும் கேட்க மாட்டார். மாப்பிள்ளைக்குத் திராட்சைத் தோட்டத்தில் நோய் விழுந்து கொத்துக் கொத்தாகக் கருகிய வருசம்கூடக் கேட்கவில்லை.

"ஒரு வார்த்த சொல்லி வைங்களேன் மதினி" என்றேன்.

"வரிசையில நின்னு கேட்டாத்தான் குடுப்பான்னா அவ என்ன ரேசன் கடையா வச்சிருக்கா? அவளுக்குத் தெரியாததா? நம்ம வேல பாடுறது. குடுக்கிறதும் எடுக்கிறதும் அவ வேல. ஒருத்தர் வேலையில ஒருத்தர் கைவைக்கக் கூடாது."

இப்படிச் சொல்லிவிட்டு, கருகிய பந்தலுக்குக் கீழே நின்று பாடிக்கொண்டே கெட்ட கொத்துகளைக் கத்தரித்துப் போட்டார். கூலிக்கு வந்த பெண்கள் அதை வாங்கிப் பாடிக்கொண்டே வேலை பார்த்தார்கள். மாப்பிள்ளை வரப்பில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்து அவரும் எழுந்து வந்து ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டார்.

நான் அந்த வீட்டுக்கு வந்த கதையையும் இந்த இடத்தில் சொன்னால்தான் பின்னால் வருவது விளங்கும். எனக்கு ஊர் ஆண்டிபட்டிப் பக்கம். மழையை நம்பின காடு. வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் தனியாகக் கிடந்தேன். பிள்ளை என்று பாண்டியம்மாள் ஒருத்திதான். மகள் வீட்டில் போய் உட்காருவதா என்று எனக்குச் சாகிற மாதிரி இருந்தது. மதினிதான் வந்து என் தகரப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். வந்துவிட்டேனே தவிர, யாராவது வந்தால் கொல்லைப் பக்கம் போய்விடுவேன். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு சாப்பிடுவேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு எப்போதுமே பேச்சு வராது.

தெருக்குழாயில் எதிர்வீட்டுக்காரி ஒருநாள் என் காதுபடவே சொன்னாள். "ஆண்டிபட்டியில மழை இல்லைன்னா இங்கன வந்தா நனையணும்?"

நான் குடத்தை நிறைக்காமலே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மதினியிடம் சொல்லவில்லை. யார் சொன்னார்களோ, அவருக்குத் தெரிந்திருக்கிறது. பங்குனி வந்தது. நான் கும்மி வட்டத்துக்கு வெளியே, இருட்டில், ஒரு சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். மதினி எடுத்தார்:

ஆண்டிபட்டி மேட்டிலிருந்து – எனக்கு
ஆத்தா ஒரு துணையத் தந்தா
வேண்டி நானும் கேக்கவில்ல – எங்க
வீடு தேடிக் கொண்டு வந்தா

ஊரே வாங்கிப் பாடியது. எதிர்வீட்டுக்காரியும் பாடினாள். அவள் கொஞ்சம் மெதுவாகப் பாடியதைப் பார்த்து மதினி அதே அடியைத் திரும்பவும் எடுத்தார். அதற்கப்புறமும் எடுத்தார். அவள் வாய் நன்றாகத் திறக்கும் வரைக்கும் எடுத்தார். பிறகு சுவர் ஓரத்துக்கு வந்து என் கையைப் பிடித்து இழுத்து வட்டத்தில் நிறுத்தினார். மறுநாளிலிருந்து நான் எல்லாரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். என்னை அந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல முடியாது. பாரிக்கு முன்னால் பாடியாகிவிட்டதே.

மதினிக்குக் கழுத்தில் ஒரு கழலை இருந்தது. நான் வரும்போது எலுமிச்சங்காய் அளவு. "இதுதான் என் பாட்டுப் பெட்டி, இதுக்குள்ளதான் எல்லாத்தையும் போட்டு வச்சிருக்கேன்" என்று பேரன் பேத்திகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுவார். வருசம் போகப் போக அது கோழிமுட்டை ஆயிற்று. அப்புறம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பருக்கையை மசித்துக் கரைத்துக் குடித்தார். மாடிப்படி ஏறினால் மூச்சில் ஒரு விசில் சத்தம் கேட்டது. மாசி மாதம் மாப்பிள்ளையும் நானும் தேனிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஊசி குத்தி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மறுபடி போனபோது டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். சின்னப் பெண்தான், நல்ல பெண்.

"இத விட்டு வைக்கக் கூடாதும்மா. மூச்சுக் குழாய அமுக்குது. சோதனையில வந்ததும் அவ்வளவு நல்லா இல்ல. எடுத்துட்டா ரொம்ப நாள் நல்லா இருப்பீங்க."

"எடுத்துருங்க தாயி" என்றார் மதினி.

"குரலுக்குப் போற நரம்பு அதை ஒட்டியே ஓடுது. நாங்க பாத்துத்தான் செய்வோம். ஆனா குரல் முன்ன மாதிரியே இருக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. முன்னக்கூட்டிச் சொல்லிடணும்ல?"

மதினி எழுந்தார். சேலையைச் சரிசெய்துகொண்டார். "அப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்துவிட்டார்.

அன்றையிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. மாப்பிள்ளை கெஞ்சினார், கோபப்பட்டார், சாப்பிடாமல் இருந்து பார்த்தார்.

"உசுரு பெருசா பாட்டு பெருசாம்மா?"

"நான் அத ரெண்டாப் பிரிச்சுப் பாத்ததே இல்லையேப்பா" என்றார் மதினி.

கோயம்புத்தூரில் படிக்கும் பேத்தி போனில் அழுதாள். "அப்பத்தா, நீங்க பாட வேணாம், பேசக்கூட வேணாம். சும்மா எங்ககூட இருந்தாப் போதும்."

"சும்மா இருக்கிறதுக்கு வீட்டுல நாலு சுவரு இருக்கே தாயி. நான் எதுக்கு அஞ்சாவதா?" என்று சிரித்துவிட்டு போனை என் மகளிடம் கொடுத்துவிட்டார்.

எனக்குப் பயமாக இருந்தது. அவர் தட்டில் மிஞ்சும் சோற்றைக் கழுவிக் கொட்டுகிறவள் நான். எவ்வளவு உள்ளே போகிறது என்பது மற்றவர்களைவிட எனக்குத்தான் தெரியும். அவர் இல்லாத அந்த வீட்டை நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்து எடுத்துச் சொல்ல எனக்கு வாய் இல்லை. சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை. அவரை அசைக்க ஒரே வழிதான் உண்டு. அந்த வழி எது என்று அவரே ஊருக்கெல்லாம் காட்டி வைத்திருந்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் பாத்திரம் விளக்கும்போதும் நான் நாலு அடி கட்டிப் பார்த்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாகத் தாளத்துக்குள் வைத்தேன். மாடு மட்டும் கேட்டது. வேறு யாரிடமாவது சொல்லிப் பாட வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மதினி நிற்கும் இடத்தில் முன்பாட்டு எடுக்க எவளுக்குத் தைரியம் வரும்?

பங்குனிப் பாரி போட்டாகிவிட்டது. மதினிதான் முன்பாட்டு. மூச்சு வாங்கிக்கொண்டு பாடினார். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே அந்த விசில் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. பாரி எடுப்பதற்கு முந்தின சாயங்காலம், கும்மி நடுவில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. ஒரு அடி பாதியில் அறுந்தது. பெண்கள் கடைசியாகக் கிடைத்ததையே திருப்பிப் பாடிக்கொண்டு அவரைப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். எத்தனை தடவை அதையே பாட முடியும்? கை தட்டுவது தளர ஆரம்பித்தது. பாட்டு நிற்கப்போகிறது என்று ஒரு கிழவி பதறினாள்.

நான் வாயைத் திறந்தேன்.

தேனி ஆசுபத்திரி போயி வாரோம் – தாயே
தெம்பாத் திரும்பி வாரோம்
பங்குனி மறுவருசம் பாரி எடுக்க – உன்
பந்தலில் வந்து நிப்போம்

என் குரல் எனக்கே தெரியவில்லை. ஒல்லியாக, ஒரு பக்கம் சாய்ந்து போனது. ஆனால் தாளம் தப்பவில்லை. பெண்கள் ஒரு மூச்சு அளவு திகைத்தார்கள். பிறகு வாங்கினார்கள். அத்தனை பேரும் மதினியைப் பார்த்துக்கொண்டே பாடினார்கள். நான் திரும்பவும் எடுத்தேன். என் மகள் அழுதுகொண்டே வாங்கினாள். எதிர்வீட்டுக்காரி தொண்டை கிழியப் பாடினாள். மதினி மட்டும் பாடவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் விடவில்லை. அந்த வாய் திறக்கும் வரைக்கும் எடுப்பது என்று எடுத்தேன்.

கடைசியில் அவர் சுவரை விட்டு வந்து வட்டத்தில் நின்றார். கையைத் தட்டினார். "தேனி ஆசுபத்திரி போயி வாரோம்" என்று வாங்கிப் பாடினார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது என் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். "என் வேலைய எனக்கே காட்டிட்டீகளே மதினி!" என்றார்.

கொஞ்ச தூரம் நடந்ததும் அவரே மறுபடி பேசினார்.

"ஒண்ணு சொல்லட்டுமா? காப்பாத்து தாயே, குரலக் குடு தாயேன்னு நீங்க கேட்டுப் பாடியிருந்தீகன்னா நான் வாங்கியிருக்க மாட்டேன். பாரி சாஞ்சாலும் சாயட்டும்னு நின்னிருப்பேன். நீங்க கேக்கல. போறோம், வாரோம்னு அவகிட்டத் தகவல்தான் சொன்னீக. அதுக்கு மேல எனக்கு என்ன பேச்சு இருக்கு?"

பங்குனிப் பொங்கல் முடிந்த மறுவாரம் தேனியில் ஆபரேசன். படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போது மதினி பாடிக்கொண்டே போனார். கோயிலில் பாடுகிற பாட்டு, கும்மிப் பாட்டு, அந்த நாயனக்காரர் வாசித்த பாட்டு, எல்லாம் கலந்து வந்தது. தள்ளிக்கொண்டு போன ஆள் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டார். "முடிச்சுக்கங்கம்மா, நிக்கிறேன்" என்றார். மதினி ஒரு அடியை முடித்துவிட்டு, "ம், போப்பா" என்றார்.

கழலையை நல்லபடியாக எடுத்துவிட்டார்கள். குரல் வரவில்லை. முதலில் வெறும் காற்றுதான் வந்தது. டாக்டரம்மா பொறுக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்தும் மதினி சைகையில்தான் பேசினார். மாப்பிள்ளை அம்மாவின் முகத்தைப் பார்ப்பார், பிறகு என் முகத்தைப் பார்ப்பார், எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். நான் தலையைக் குனியவில்லை. மதினி ஒரு தட்டுச் சோறு முழுதும் சாப்பிட்டார். அதை நான் ஒவ்வொரு வேளையும் பார்த்தேன். மாடிப்படியில் விசில் சத்தம் இல்லை. இன்னொரு தடவை அப்படி நேர்ந்தாலும் நான் அதையேதான் பாடியிருப்பேன்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு காலை, அடுப்படியில் என் முதுகுக்குப் பின்னால் யாரோ, "மதினி, காப்பிக்குச் சீனி போடலையா?" என்று கேட்டார்கள். ஆம்பிளைக் குரல் என்று நினைத்து நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பினேன். மதினிதான் நின்றார். தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு குரல். அடியிலேயே கிடந்தது, மேலே ஏறவில்லை. அவருக்கே அது புதிதாக இருந்தது. "யாரு இந்த ஆளு?" என்று தன் கழுத்தைத் தொட்டுக் கேட்டார். இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவர் கொஞ்ச நேரம் காப்பியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு இருந்தார்.

பேச்சுதான் வந்தது. பாடிப் பார்க்கவில்லை. கோயிலுக்குப் போனார், நின்றார், திருநீறு பூசிக்கொண்டு திரும்பினார். அவர் பாடாத கோயிலில் நான் பக்கத்தில் நிற்பது கஷ்டமாக இருந்தது. பாடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்கிற விசயமும் இல்லை அது.

பங்குனி வந்தது. முன்பாட்டுக்கு வேறு ஆள் பார்க்கலாமா என்று ஊர்ப் பெண்கள் வந்து என் மகளிடம் குசுகுசு என்று பேசினார்கள். உள்ளேயிருந்து மதினி, "வந்து நிப்போம்னு பாடியிருக்குல்ல? நிக்கணும்ல?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

குரல் கேட்க வேண்டுமே என்று மாப்பிள்ளை மைக் செட்டுக்காரரை வரவழைத்தார். மதினி மைக்கைப் பிடித்து ஒரு அடி எடுத்தார். தகரத்தில் ஆணியை இழுத்த மாதிரி ஊர் முழுதும் அது கேட்டது. பிள்ளைகள் சிரித்தார்கள். மதினியும் சிரித்தார். "இத எடுத்துட்டுப் போப்பா. நான் பாடாததெல்லாம் இது பாடுது" என்றார்.

பிறகு வட்டத்தின் நடுவில் வந்து நின்றார். கண்ணை மூடினார். அந்தத் துருவுகிற குரலிலேயே, மேலே போகாமல், அடியிலேயே வைத்து, பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் பேசுகிற மாதிரி மெதுவாக எடுத்தார். முன்னால் நின்றவர்களுக்குக் கேட்டது. வாங்கினார்கள். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை. என்ன பாடினார், என்ன பாடினார் என்று அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பாட்டு அந்தப் பக்கம் அறுந்து அறுந்து வந்தது. பாட்டு நிற்கக் கூடாதே. பின்னால் இருந்தவர்கள் ஒரு எட்டு முன்னால் வைத்தார்கள். அடுத்த அடிக்கு இன்னொரு எட்டு. தெருவை அடைத்துக்கொண்டு நின்ற வட்டம் சுருங்கிச் சுருங்கி, சேலையோடு சேலை உரச வந்துவிட்டது. ஒரு காலத்தில் முகம் பார்க்காமல் இருந்த அந்த இரண்டு தோட்டத்துக்காரிகளும் ஒருத்தி வேர்வையில் மற்றவள் நனைந்துகொண்டு நின்றார்கள். வியர்வையும் மல்லிகையும் மஞ்சளும் கலந்து ஒரே வாடை. அதற்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது. எல்லாரும் வாங்கிப் பாடினோம். மதினி பாடிய காலத்தில் எவ்வளவோ நல்ல கும்மி நடந்திருக்கிறது. இந்த மாதிரி ஒன்றை நான் கேட்டதில்லை.

முடிந்ததும் பக்கத்தில் போய், "கஷ்டமா இருந்துச்சா மதினி?" என்று கேட்டேன்.

"முன்ன தூரத்துல நின்னு கூப்புட்டேன். இப்ப அவ பக்கத்துல வந்துட்டேன். எதுக்குக் கத்தணும்?" என்றார்.

அதன்பின் சில பங்குனிகள் அப்படியே நடந்தன. டாக்டரம்மா சொன்ன மாதிரி மதினி நல்லபடியாக இருந்தார். பேத்தியின் கல்யாணத்தைப் பார்த்தார். அந்தக் கல்யாணத்துக்கு யார் நாயனம் என்பதை வரன் தேடும் முன்பே முடிவு செய்து வைத்திருந்தார். ஒரு தை மாதம், பொங்கல் வைத்து எல்லாரும் சாப்பிட்ட பிறகு, கொஞ்சம் படுக்கிறேன் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

இப்போது முன்பாட்டு எடுப்பது கல்லூரியில் படித்த பெண். நல்ல குரல். மைக்கும் வைத்துவிட்டார்கள். பாரி வீட்டு வாசலில் பேசினால் நாலு தெருவுக்குக் கேட்கும். போன பங்குனிக்கு, புதிதாக வாக்கப்பட்டு வந்த ஒரு பெண் எனக்குப் பக்கத்தில் நின்றாள். தெரு அவ்வளவு அகலமாகக் கிடந்தது. நாங்கள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் விழுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றோம்.

"இம்புட்டு இடம் கிடக்கே. கொஞ்சம் தள்ளி நின்னாக் காத்தாவது வரும்ல? எதுக்கு இப்படி நெருக்கிக்கிட்டு நிக்கிறீக?" என்று அவள் தன் மாமியாரைக் கேட்டாள்.

"இங்கன கும்மி இப்படித்தான்" என்றாள் அந்த மாமியார். அவளுக்கு அதற்கு மேல் சொல்லத் தோன்றவில்லை. நான் சொல்லியிருப்பேன். அதற்குள் முன்பாட்டு தொடங்கிவிட்டது. புதுப்பெண் கையை வீசப் பார்த்தாள். வீச இடம் இல்லை. அவள் தட்டிய முதல் தட்டு என் கையில் வந்து விழுந்தது.